16 ஜிபி ரேமில் 13.9தான் கிடைக்கிறதா? விடுவதா, மீட்பதா, வாங்குவதா

விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அபவுட் என்று போனால் ரேம் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். பொருத்தியிருப்பது 16.0 ஜிபி, பயன்படுவது 13.9 ஜிபி என்பதுபோல. மீதி 2.1 ஜிபி எங்கே என்ற கேள்வி வந்ததும் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. சனிக்கிழமை சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் இன்னொரு ரேம் வாங்கிப் போடுவார்கள். அல்லது ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் ஒரு பெட்டியில் டிக் போடுவார்கள். முதலாவதில் காசு வீணாகப் போகலாம். இரண்டாவதில் இருக்கிற ரேமும் குறையும்.

இருக்கும் வழிகள் நான்கு: அப்படியே விடுவது, பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மாற்றி மீட்பது, பழுதைச் சரிசெய்வது, ரேமோ கணினியோ புதிதாக வாங்குவது. எது பொருந்தும் என்பதை இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் அளவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பர்ஸைத் திறக்குமுன் அந்த இடைவெளியைச் சரியாக அளந்துகொள்ள வேண்டும்.

இரண்டு எண்களும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. கணினி தொடங்கும்போது பயாஸ் ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் உள்ள ஒரு சிறு சில்லைப் படித்து, எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி செருகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிவைக்கும். முதல் எண் அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை. அதன்பின் அதே பயாஸ் நினைவகத்தின் வரைபடம் ஒன்றை இயங்குதளத்திடம் கொடுக்கும்: இந்த முகவரியிலிருந்து இதுவரை நீ எடுத்துக்கொள், இந்தப் பகுதியைத் தொடாதே என்று. இரண்டாவது எண் அந்த வரைபடத்திலிருந்து வருவது. பட்டியலில் இருக்கும் ஒரு ஸ்டிக் வரைபடத்தில் இல்லாமலே போகலாம். பாதி ரேம் காணாமல் போகும் கணினிகளில் நடப்பது இதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

வன்தட்டில் வரும் குழப்பத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். 512 ஜிபி எஸ்எஸ்டி 476 ஆகத் தெரிவதற்குக் காரணம், தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுவதும் விண்டோஸ் 1024ஆல் வகுப்பதும். ரேமை இரு தரப்புமே 1024 கணக்கில்தான் அளக்கின்றன. "எல்லாம் கணக்கு வித்தியாசம்தான் அண்ணே" என்று ரேமுக்கும் யாராவது சொன்னால் அது தவறு.

அளக்கும் இடம் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தேர்ந்தால் கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று ஒரு எண் இருக்கும். இடைவெளி அதுதான். பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும் கட்டத்தில் தேவைப்படும். மேலே 'இன் யூஸ்' என்று காட்டுவது வேறு சங்கதி. அது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எடுத்துக்கொண்டது. உலாவியை மூடினால் திரும்பக் கிடைக்கும். ஹார்டுவேர் ரிசர்வ்டு எதை மூடினாலும் திரும்பாது.

அப்படியே விட வேண்டிய இடைவெளி

இன்டெல் மடிக்கணினியில் 16 ஜிபிக்கு 15.7 அல்லது 15.8, 8 ஜிபிக்கு 7.8 அல்லது 7.9 என்று தெரிந்தால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அந்த 100 முதல் 300 எம்பி வரையிலான பகுதியில் திரைக்கான குறைந்தபட்ச ஒதுக்கீடு, பயாஸின் சொந்த அட்டவணைகள், செயலியின் பாதுகாப்புப் பகுதி, மேலாண்மைச் சில்லின் வேலையிடம் எல்லாம் அடங்கும். இன்டெல்லின் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் ஆரம்பத்தில் சிறிதளவே பிடித்துவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பொது ரேமிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையில் வேலை செய்கிறது. ஆகவே இடைவெளி சின்னதாக இருக்கும். பயாஸில் டிவிஎம்டி என்று ஒரு அமைப்பு இருந்து அதை 64இலிருந்து 32 எம்பிக்கு இறக்கினாலும் 32 எம்பிதான் மிஞ்சும். உலாவியில் ஒரு டேப் திறந்தால் அது போதாது.

தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள மேசைக்கணினியில் இடைவெளி இன்னும் சிறியது, 16க்கு 15.9 என்றே காட்டும். அட்டைக்குத் தன் சொந்த நினைவகம் இருப்பதால் கணினியின் ரேமைக் கேட்பதில்லை.

லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு குறிப்பு. ஃப்ரீ கட்டளை காட்டும் மொத்தம் விண்டோஸ் காட்டுவதைவிடக் குறைவாக இருக்கும். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 64 பைட் குறிப்பு வைத்துக்கொள்கிறது. 16 ஜிபிக்கு அது மட்டுமே 256 எம்பி. கெர்னலின் சொந்த நிரலும் மொத்தத்தில் கழிந்துவிடும். இது பழுதில்லை, மீட்கவும் முடியாது.

இரண்டு ஜிபி போனால்: ரைசன் மடிக்கணினிகள்

இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. 8 ஜிபி போட்ட ரைசன் (ஏஎம்டி நிறுவனத்தின் செயலி) மடிக்கணினியில் 5.9க்குக் கொஞ்சம் குறைவாகவும், 16 ஜிபி போட்டதில் 13.9 என்றும் தெரிந்தால், கிராஃபிக்ஸுக்காக பயாஸ் 2 ஜிபியைத் தனியே வெட்டி எடுத்திருக்கிறது என்று பொருள். மிச்சமுள்ள நூற்றுச் சொச்சம் எம்பி மேலே சொன்ன வழக்கமான ஒதுக்கீடு. 512 எம்பி மட்டும் வெட்டியிருந்தால் 16 ஜிபி கணினி 15.3 அல்லது 15.4 காட்டும்.

வெட்டிய பகுதி நிரந்தரமானது. நீங்கள் வேர்டில் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாலும் அந்த 2 ஜிபி விண்டோஸுக்குக் கிடைக்காது. 16 ஜிபியில் இது எட்டில் ஒரு பங்கு. 8 ஜிபியில் நான்கில் ஒரு பங்கு. விண்டோஸ் 11 எதுவும் திறக்காமலே 3 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் 5.9இல் மிஞ்சுவது ஜூம், உலாவி, வாட்ஸ்அப் மூன்றுக்குமே இறுக்கம்.

மீட்பதற்கு பயாஸில் 'யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்ற வரியைத் தேட வேண்டும். அட்வான்ஸ்டு பக்கத்திலோ, திங்க்பேடில் கன்ஃபிக், டிஸ்ப்ளே என்ற இடத்திலோ இருக்கும். ஆட்டோ, 512 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று தெரிவுகள் வரும். பயாஸுக்குள் போக எச்பியில் எஃப்10, டெல், ஏசர், ஏசுஸ் மடிக்கணினிகளில் எஃப்2, லெனோவோவில் மாதிரிக்கு ஏற்ப எஃப்1 அல்லது எஃப்2. கணினியை ஷட் டவுன் செய்துவிட்டுத் தொடங்கினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வரும். ரீஸ்டார்ட் கொடுத்து அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது நல்லது.

அதற்கு முன்னால் ஒரு காரியம் கட்டாயம். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (வட்டில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதிகள்) இயங்கும் கணினியில் பயாஸைத் தொட்டால் அடுத்த முறை தொடங்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பல வீடுகளில் அது இயங்குவதே தெரியாது, ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் தானாகவே தொடங்கியிருக்கும். அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் மீட்பு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியிலும், உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாங்கிய கற்றல் சாதனத்திலும் பயாஸ் பக்கமே போக வேண்டாம். அவற்றில் நிர்வாகப் பூட்டு இருக்கும். மெதுவாக இருந்தால் கொடுத்த இடத்திலேயே கேட்பதுதான் முறை.

512 எம்பிக்கு இறக்கினால் திரை கெடுமா? ஒரு 4கே திரையின் ஒரு முழுப் படத்துக்கு 3840, 2160, 4 மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 33 எம்பி வரும். மூன்று படங்களை வரிசையில் வைத்திருந்தாலும் ஒரு திரைக்கு 100 எம்பிதான். இரண்டு வெளித்திரைகள் மாட்டி எக்செல், காணொளி, ஜூம் பயன்படுத்துவோருக்கு 512 தாராளம். அதற்குமேல் வேண்டியிருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் பொது ரேமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும், மொத்த ரேமில் பாதி வரை.

விளையாட்டுகளில் நிலைமை மாறும். சில விளையாட்டுகள் தொடங்கும்போதே தனி கிராஃபிக்ஸ் நினைவகம் எவ்வளவு என்று கேட்கும். 512 என்ற பதில் கிடைத்தால் தொடங்க மறுக்கும், அல்லது படத்தின் தரத்தைத் தானாகவே இறக்கிவிடும். ஆகவே 16 ஜிபி கணினியில் விளையாடுபவருக்கு 2 ஜிபி வெட்டு ஒரு இழப்பே அல்ல, அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. 8 ஜிபி கணினியில் விளையாட்டும் வேண்டும், 7.4 ஜிபியும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது. அங்கே வழி ரேம் வாங்குவதுதான்.

இதே ஒதுக்கீடு மறுகோடியில் எப்படியிருக்கும் என்பதற்கு ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 செயலி கொண்ட கணினிகள் நல்ல எடுத்துக்காட்டு. 128 ஜிபியில் 96 ஜிபி வரை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கலாம். அப்படிச் செய்தால் விண்டோஸுக்கு 32க்கும் குறைவாகவே தெரியும். பெரிய மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டுபவர்கள் அதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

உங்கள் பயாஸில் அந்த வரியே இல்லையா? மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில் தயாரிப்பாளரே மறைத்துவிடுகிறார். முதலில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸ் போட்டுப் பாருங்கள். சில நேரம் வரி தோன்றும். ரைசன் ஏஐ 300 வரிசைக் கணினிகளில் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளுக்குள்ளேயே மாற்றலாம், ஏசுஸின் கையடக்க விளையாட்டுக் கருவிகளில் ஆர்மரி கிரேட்டில் மாற்றலாம். இவை எதுவும் இல்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். மறைந்துள்ள பயாஸ் அமைப்புகளை வலிந்து எழுதும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தவறான இடத்தில் ஒரு பைட் விழுந்தால் கணினி மறுபடி தொடங்காது. சில்லைக் கழற்றி எழுதும் செலவு ஒரு 8 ஜிபி ஸ்டிக்கின் விலையைத் தாண்டலாம்.

எம்எஸ்கான்ஃபிக்: வழிபோலத் தோன்றும் பொறி

பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கே 'மேக்சிமம் மெமரி' என்ற பெட்டி. அதில் டிக் போட்டு 16384 என்று கொடுத்தால் முழு 16 ஜிபியும் விடுபடும் என்று ஆண்டுக்கணக்கில் பரப்பப்படுகிறது. அந்தப் பெட்டியின் வேலை நேர்மாறானது. மென்பொருள் எழுதுபவர்கள் குறைந்த ரேமில் தங்கள் நிரல் எப்படி ஓடுகிறது என்று சோதிப்பதற்காக வைத்த வரம்பு அது.

16384 கொடுத்தால் ஏன் குறைகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 4 ஜிபி முகவரிக்குக் கீழே ஒரு பகுதி கிராஃபிக்ஸ், நெட்வொர்க், எஸ்எஸ்டி போன்ற சாதனங்களின் முகவரிகளுக்காக விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளி 2 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்திருக்க வேண்டிய 2 ஜிபி ரேமை பயாஸ் தூக்கி மேலே, 16க்கும் 18க்கும் நடுவிலுள்ள முகவரிகளில் வைக்கும். அந்தப் பெட்டி எத்தனை ஜிபி ரேம் என்று எண்ணுவதில்லை. 16 ஜிபி என்ற முகவரிக்கு மேல் இருப்பதை எல்லாம் வெட்டுகிறது. விளைவு, மேலே தூக்கி வைத்த 2 ஜிபியும் போய்விடும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடும். வேறொருவர் பயன்படுத்திய கணினி கைக்கு வந்தால் இந்தப் பெட்டியை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. அரை நிமிட வேலை.

சரியாகப் பாதி காணவில்லை என்றால்

பொருத்தியிருப்பது 16, பயன்படுவது 7.9 என்று வந்தால் எந்த அமைப்பிலும் கை வைக்க வேண்டாம். வாங்கவும் வேண்டாம். ஒரு ஸ்டிக் பட்டியலில் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. அதன் சில்லைப் படிக்க முடிந்த பயாஸால் தொடக்கச் சோதனையில் அந்த ஸ்டிக்கோடு சரியாகத் தரவு பரிமாற முடியவில்லை. முதல் எண்ணே 8 என்று வந்தால் ஸ்டிக் கண்ணிலேயே படவில்லை. சோதிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி செருகுவது. மடிக்கணினியை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து முழுதாக அணையுங்கள். மின்னூட்டியைப் பிடுங்கி, கீழ்மூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நிலைமின்சாரம் குறைவு, ஆனால் நாள் முழுக்கக் குளிரூட்டி ஓடும் அறையில் அப்படி நம்பியிருக்க முடியாது. உலோகச் சட்டம் எதையாவது தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். இருபுறமும் உள்ள கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளினால் ஸ்டிக் தானே சாய்வாக எழும்பும். தங்கநிறத் தொடுமுனைகளில் கையைப் படவிடாமல் எடுத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பரால் தேய்ப்பது பரவலான பழக்கம், ஆனால் அது தூளை விடும், முலாமையும் தேய்க்கும். செருகும்போது அதே சாய்வில், தங்கநிறம் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கிக் கிளிப் 'டக்' என்று பிடிக்க வேண்டும். பாதி செருகிய நிலையிலேயே கிளிப் பிடித்துவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

அப்படியும் வரவில்லையா, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தொடங்கிப் பாருங்கள். பிறகு மற்ற ஸ்டிக்கை. ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யவில்லை என்றால் பழுது ஸ்டிக்கில். இரண்டு ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் பழுது ஸ்லாட்டிலோ, மதர்போர்டிலோ, செயலியின் பக்கத்திலோ. இந்தச் சோதனையைச் செய்யாமல் புது ஸ்டிக் வாங்கிப் போவதுதான் வீண்செலவு. பழுதான ஸ்லாட்டில் எந்த ஸ்டிக்கும் வேலை செய்யாது.

மேசைக்கணினியில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. செயலியின் சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலோ, குளிர்விப்பானின் திருகுகளை ஒருபக்கம் மட்டும் அதிகமாக இறுக்கியிருந்தாலோ ஒரு சேனல் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை) முழுவதும் மறையும். நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி செயலிக்குள் இருப்பதால் அங்கே தொடர்பு விட்டுப்போனால் ரேமில் வெளிப்படுகிறது. குளிர்விப்பானை மாற்றியபின் ரேம் பாதியானால் திருகுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதாக இருந்தால் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிடிஆர்5 வகை ரேம் போடும் பலகை புது ஸ்டிக் போட்ட முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். அது ரேமோடு பழகிக்கொள்ளும் நேரம். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

கணினி வாங்கி ஆறு மாதத்துக்குள் பாதி ரேம் மறைந்தால், சோதனையும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம். சிங்கப்பூரில் லெமன் லா என்று அறியப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். ஆனால் ரைசன் மடிக்கணினி 13.9 காட்டுவதற்காக இந்த விதியைக் கையில் எடுத்துப் பயனில்லை. அது குறையல்ல, வடிவமைப்பு.

3.2 அல்லது 3.5க்கு மேல் ஏறவே இல்லையா

பழைய கணினியில் 4 அல்லது 8 ஜிபி போட்டும் 3.5க்குக் கீழேயே நின்றால், அபவுட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். 32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 32 பிட்டால் எண்ணக்கூடிய முகவரிகள் 4 ஜிபி மட்டும். அதற்குள்ளேயே சாதனங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதால் ரேமுக்கு மிஞ்சுவது 3 முதல் 3.5 ஜிபி. இன்னொரு ஸ்டிக் போட்டாலும் ஒரு எம்பிகூட ஏறாது.

64 பிட்டுக்கு மேலேற்றும் குறுக்குவழி கிடையாது. கோப்புகளை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 10 உரிமம் அதே பதிப்பின் 64 பிட்டுக்கும் செல்லும், தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயதுக் கணினிகளை ஏற்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அதனால் இப்படிப்பட்ட கணினிக்கு ரேம் வாங்குவதை எந்த விலையிலும் பரிந்துரைக்க முடியாது. 64 பிட் லினக்ஸ் போட்டு இருக்கிற 4 ஜிபியை முழுசாகப் பயன்படுத்தலாம், அல்லது மின்கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். மிகப் பழைய பலகைகள் சிலவற்றில் 64 பிட் போட்டாலும் 3.2தான் வரும். பயாஸில் 'மெமரி ரீமேப்' என்ற வரி அணைந்திருந்தால் இயக்குங்கள். இன்டெல் 945 போன்ற சில்லுத் தொகுதிகளில் அந்த வசதியே கிடையாது, அங்கே வழியில்லை.

வாங்குவதென்றால்

வாங்க வேண்டுமா என்பதை இடைவெளியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். முதலாவது, நிரல்கள் தங்களுக்கென்று கேட்டு வைத்திருக்கும் மொத்த நினைவகம். வழக்கமான வேலைநாளில் எல்லாம் திறந்திருக்கும் நேரத்தில் முதல் எண்ணைப் பாருங்கள். பயன்படும் ரேமைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருந்தால் புது ரேம் எந்த வேகத்தையும் தராது. 5.9 ஜிபி பயன்படும் கணினியில் கமிட்டெட் 9, 10 என்று நின்றால், பயாஸில் ஒன்றரை ஜிபி மீட்டாலும் போதாது. மீட்பதைவிட வாங்குவதே அங்கே சிறந்தது. 13.9 பயன்படும் கணினியில் கமிட்டெட் 14, 15 என்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே 1.5 ஜிபியை மீட்பது காசில்லாமல் கிடைக்கும் நல்ல தீர்வு. 2025இன் பிற்பாதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் ரேம் விலை ஏறிப்போயிருக்கும் நிலையில் இந்த வித்தியாசம் முன்னைவிடக் கனமானது.

அடுத்து, போட இடம் இருக்கிறதா? 'ஃபார்ம் ஃபேக்டர்' எஸ்ஓ-டிம் என்று காட்டினால் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பலகையிலேயே பற்றவைத்தது. அப்படிப்பட்ட கணினியில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 4இல் 4, 8இல் 8 என்றெல்லாம் காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே ஸ்லாட்டே இல்லை. மெல்லிய மடிக்கணினிகளும் மேக்புக்குகளும் இந்த வகை. அவற்றுக்கு விடுவது அல்லது புதுக் கணினி வாங்குவது என்ற இரண்டு வழிதான். ஆகவே புதுக் கணினி வாங்கும்போது ரைசன், பற்றவைத்த 8 ஜிபி என்ற சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள். விலை எத்தனை மலிவாக இருந்தாலும் கைக்கு வருவது 6 ஜிபிக்கும் குறைவு, பிற்பாடு ஏற்றவும் முடியாது.

வகை பொருந்த வேண்டும். மடிக்கணினி டிடிஆர்4 ஸ்டிக்கில் 260 ஊசி, டிடிஆர்5இல் 262. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. மேசைக்கணினியில் இரண்டுக்கும் 288தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். ரைசனில் ஒரே ஸ்டிக் போட்டிருந்தால் இரண்டாவதைச் சேர்ப்பது அளவுக்கு மட்டுமல்ல, வேகத்துக்கும் நல்லது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு இரண்டு சேனல் கிடைக்கும்போது விளையாட்டில் தெளிவாகவே வித்தியாசம் தெரியும். ஒரே அளவு ஸ்டிக் கிடைக்காமல் 8ம் 16மாகப் போட்டாலும் ஓடும்: முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலில், மிச்ச 8 ஒற்றைச் சேனலில்.

சிங்கப்பூரில் வாங்கும் இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். பொருள், சேவை வரிக்குப் பதிந்த கடை 9 சதவீத வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். பில் போடும்போது வரியை மேலே ஏற்றினால் கேளுங்கள். வெளிநாட்டுக் கடையில் 400 வெள்ளிக்குள் வாங்கினால் வரியில்லை என்ற காலம் 2023 ஜனவரியோடு முடிந்தது. சிம் லிம் ஸ்குவேருக்கு மடிக்கணினியையே தூக்கிக்கொண்டு போங்கள். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடை தூரம், தேக்காவிலிருந்தும் அப்படித்தான். கடையிலேயே போட்டுத் தொடங்கி, டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு பழைய அளவிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். ரேம் கூடியபின் பயாஸ் ஆட்டோவில் இருந்தால் கிராஃபிக்ஸ் வெட்டும் கூடக்கூடும். 8இலிருந்து 16 ஆக்கியவருக்கு 512 எம்பி வெட்டு 2 ஜிபியாக மாறினால் திகைக்க வேண்டாம், பயாஸில் போய் இறக்கிக்கொள்ளலாம்.

பழைய பொருள்களை விற்கும் இணையதளமான கரோசெல்லில் பழைய ஸ்டிக் மலிவாகக் கிடைக்கும். தனிநபர் விற்கும் பொருளுக்கு லெமன் லா பாதுகாப்பு இல்லை என்பதை விலையில் சேர்த்துப் பாருங்கள். பழைய ஸ்டிக்கோ புதியதோ, போட்ட அன்றிரவே ரேம் சோதனை நிரலான மெம்டெஸ்ட்86 பிளஸை யுஎஸ்பியிலிருந்து தொடங்கி விடியும்வரை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் அதை முழு அளவாகத்தான் காட்டும், ஆனால் பழுதான அந்த முகவரியில் எழுதப்படும் கோப்பு கெட்டுப்போகும்.